சனிக்கிழமை வகுப்புக்குப் பெற்றோர் கட்டும் பணம் எங்கே போகிறது?

கேள்வி:

எனக்கு வயது 29. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருந்தேன். போன வருஷம் கோலாலம்பூரில் ஒரு தனியார் மொழி நிலையத்தில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். மாதம் 3,900 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் 12 முதல் இரவு 9 வரை, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஆக வாரம் 40 மணி நேரம் என்று ஒப்பந்தம். ஆனால் யாராவது லீவு போட்டால் ‘ரிலீஃப்’ எடுக்கக் காலை பத்து மணிக்கே வரச் சொல்கிறார்கள். மாதத்தில் மூன்று சனிக்கிழமை நாலு மணி நேரம் சின்னப் பிள்ளைகள் வகுப்பு. சில ஞாயிறுகளில் ஷாப்பிங் மாலில் மேசை போட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எதற்கும் தனிக் காசு இல்லை. கேட்டால், “டீச்சர் வேலை என்றால் அப்படித்தான். ஒப்பந்தத்தில் ‘நிர்வாகம் சொல்லும் பிற பணிகள்’ என்று இருக்கிறதே” என்கிறார் மேனேஜர். ஊரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மாவோ, “பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கறதுக்குப் போய் மணிக்கணக்கு பார்ப்பாங்களா?” என்கிறார். இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் பாஸ் அவர்கள் கையில் இருப்பதால் பயமாகவும் இருக்கிறது. கேட்பதா, பேசாமல் இருந்துவிடுவதா?
எஸ்., பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்:

அன்புள்ள எஸ்.,

கேளுங்கள். எப்படிக் கேட்பது, எதைக் கேட்பது என்பதில்தான் யோசனை வேண்டும். கேட்கலாமா என்பதில் தயக்கமே வேண்டாம்.

முதலில் அம்மா சொன்னதைப் பார்ப்போம், உங்களை அதிகமாக உறுத்துவது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஊர்ப் பள்ளியில் மணி அடித்த பிறகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திய ஆசிரியைகளை நமக்கெல்லாம் தெரியும். உங்கள் அம்மாவும் அப்படிச் செய்திருப்பார். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் ஒரு பைசா வாங்கவில்லை. உங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு அப்படி இல்லை. அந்தச் சின்னப் பிள்ளைகளின் அப்பா அம்மா கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டுதான் பிள்ளையை உள்ளே அனுப்புகிறார்கள். வாடகைக்கு அதிலிருந்து போகிறது, மின்சாரத்துக்குப் போகிறது, நோட்டீஸ் அடித்த அச்சகத்துக்கும் போகிறது. பாடம் நடத்தியவருக்கு மட்டும் போகவில்லை. அம்மாவிடம் இதை ஒரு தடவை இப்படியே சொல்லிப் பாருங்கள். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். உங்களிடம் நிலையம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறையைக் காட்டி அதைச் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. வாரத்துக்கு உச்ச வரம்பு முன்பு 48 மணி நேரம், இப்போது 45. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு ஓவர்டைம் காசு சட்டப்படியே உண்டு. நீங்கள் 3,900 வாங்குகிறீர்கள், அதனால் கோட்டுக்கு உள்ளே இருக்கிறீர்கள். வெளிநாட்டுக்காரர், பாஸில் வந்தவர் என்பதற்காக இந்த உரிமை குறையாது. ‘பிற பணிகள்’ என்ற வரி, வேறு வேலையும் சொல்லலாம் என்று வேண்டுமானால் காட்டும். அந்த வேலையைச் சும்மா வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இல்லை. அப்படியே எழுதியிருந்தாலும், சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் செல்லாது.

சம்பளக் கணக்குப் போடும் வேலையில் பல வருஷம் இருந்தவள் நான். கணக்கைப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் தொகை தெரியாமல் பேசப் போனால் பேச்சு ‘தியாகம்’, ‘குடும்பம் மாதிரி’ என்று எங்கேயோ போய்விடும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும். 3,900ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 150 வெள்ளி. உங்கள் வேலை நாள் எட்டு மணி நேரம், அதனால் மணிக்கு 18 வெள்ளி 75 சென். ஓவர்டைம் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 வெள்ளி 13 சென். மூன்று சனிக்கிழமை, நாலு நாலு மணி நேரம் என்றால் பன்னிரண்டு மணி நேரம். 337 வெள்ளி 50 சென் வருகிறது. ரிலீஃபுக்காக இரண்டு மணி நேரம் முன்னால் வந்த ஒவ்வொரு நாளுக்கும் 56 வெள்ளி 25 சென். உங்கள் கையெழுத்தில் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை என்றால் சட்டம் கடைசி நாளைத்தான் ‘ஓய்வு நாள்’ என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் வாரத்தில் அது ஞாயிறு. சனிக்கிழமை வேலை, வாரம் 45 மணி நேரத்தைத் தாண்டாவிட்டாலும், ஒப்பந்த நேரத்துக்கு மேற்பட்டது, அதற்கு ஒன்றரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமை மாலில் நின்றதற்குக் கணக்கு வேறு. அரை நாள் வரைக்கும், அதாவது நாலு மணி நேரம் வரை, அரை நாள் சம்பளமாக 75 வெள்ளி. அதைத் தாண்டி எட்டு மணி நேரம் வரை ஒரு நாள் சம்பளமாக 150 வெள்ளி. எட்டையும் தாண்டினால் இரட்டிப்பு. மாதச் சம்பளத்துக்கு மேலே இது தனியாக வர வேண்டும். அப்புறம், காலை பத்துக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போனால் பதினொரு மணி நேரம் ஆகிறது. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை பத்து மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது பொதுவான விதி. மேனேஜருக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம்.

எதைக் கேட்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கட்டுரை திருத்துவது, நாளைய பாடத்துக்குப் படம் வெட்டுவது, ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெற்றோரின் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவது, இதெல்லாம் வேலைதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை நிமிஷம் ஆனது, யார் செய்யச் சொன்னார்கள் என்று காட்ட முடியாது. இவற்றை முதல் கடிதத்திலேயே சேர்த்தால், காட்ட முடிகிற பன்னிரண்டு மணி நேரமும் சேர்ந்து கலங்கிப்போகும். அவர்கள் வரச் சொன்னது, நீங்கள் போனது, அட்டவணையில் பெயர் இருப்பது, இந்த மூன்றும் உள்ள நேரத்தை மட்டும் கேளுங்கள். ராத்திரி வாட்ஸ்அப்புக்கு வேறு வழி இருக்கிறது. மறுநாள் மதியம் 12 மணிக்கு மேல் பதில் போடுங்கள். பெற்றோர் சீக்கிரமே பழகிக்கொள்வார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டும் வார அட்டவணையைத் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். ‘நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க’ என்று வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், எந்த வகுப்பு, யார் சொன்னார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். மாசக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதிய நோட்டு எதிரே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அன்றன்றைக்கு எழுதியதில் மையும் மாறியிருக்கும், எழுத்தும் மாறியிருக்கும். முதலாளியும் வேலை நேரப் பதிவேடு வைக்கக் கடமைப்பட்டவர். அவர்களுடைய பதிவும் உங்களுடையதும் ஒத்துப்போனால் பேச்சு பாதி முடிந்தது.

பிறகு மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல். வாயால் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, இனி எழுத்தில் இருக்கட்டும். கோபம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஆங்கிலத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, விஷயம் மட்டும் இப்படி இருக்கட்டும்: “கடந்த மாதம் நிலையம் கேட்டுக்கொண்டபடி மூன்று சனிக்கிழமை வகுப்புகளும் இரண்டு ரிலீஃப் வகுப்புகளும் எடுத்தேன். தேதியும் நேரமும் கீழே இருக்கின்றன. ஒப்பந்த நேரத்துக்கு மேற்பட்ட இந்த மணி நேரங்களுக்கான ஓவர்டைம் தொகை சம்பளத்தில் சேரவில்லை. அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். இனி சனிக்கிழமை வகுப்பு தொடரும் என்றால் அதையும் எழுத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.” அவ்வளவு போதும். சட்டத்தின் பெயரை முதல் கடிதத்தில் இழுக்காதீர்கள். ஒரு மாதத்து ஓவர்டைம் அடுத்த மாதச் சம்பளக் காலம் முடிவதற்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி, அதுவரை பொறுக்கலாம்.

‘காசு இல்லை, அதற்குப் பதில் ஒரு நாள் லீவு எடுத்துக்கோங்க’ என்று அவர்கள் சொல்லக்கூடும். உங்களுக்கு அது வசதியென்றால் இனிவரும் வகுப்புகளுக்கு ஒத்துக்கொள்வது உங்கள் இஷ்டம். எந்த நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற லீவு வரவே வராது.

இனி உங்கள் பயம். ‘பாஸ் அவர்கள் கையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் ஓவர்டைமுக்கு முன்னால் அதைத் திரும்ப வாங்குங்கள். இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கேட்டும் தரவில்லை என்றால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். வேலைப் பாஸ் நிலையத்தின் பெயரோடு கட்டப்பட்டது என்பது உண்மை. இன்னொரு இடத்துக்குப் போவதென்றால் புது முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ரோஷப்பட்டு ராஜினாமாக் கடிதத்தை மட்டும் நீட்டிவிடாதீர்கள். வேறு இடம் உறுதியாகி, அவர்கள் பாஸ் விண்ணப்பத்துக்குத் தயாரான பிறகுதான் அந்தப் பேச்சு. ‘வெளியே நாலு வீட்டில் டியூஷன் எடுத்து ஈடுகட்டிக்கோ’ என்று நல்லெண்ணத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் பாஸ் அந்த ஒரு நிலையத்தில் வேலை செய்யத்தான். வெளியே காசு வாங்கிப் பாடம் எடுத்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும், அப்புறம் எந்த அலுவலகத்திலும் தலை நிமிர்ந்து பேச முடியாது.

உள்ளூர் ஆசிரியைகளும் அதே சனிக்கிழமைகளில் வருகிறார்கள் அல்லவா? அவர்களிடம் பேசுங்கள். அவர்களுக்குப் பாஸ் பயம் இல்லை, சட்டம் ஒன்றுதான். இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்பினால் ‘அந்த இந்தியா டீச்சர் பிரச்சினை பண்றாங்க’ என்று யாரும் தனியாக உங்களைச் சுட்ட முடியாது.

இரண்டு மூன்று மாதம் எழுதியும் பதில் இல்லை, அல்லது முடியாது என்று பதில் என்றால், தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். இங்கே எல்லோரும் ஜே.டி.கே. என்று சொல்லும் அலுவலகம்தான். சம்பளப் பாக்கி வழக்குகளை அங்கேயே விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், அட்டவணைப் படங்கள், நோட்டு, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் நகலோடு கொண்டு போங்கள். புகார் கொடுத்ததும் உறவு பழையபடி இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் மின்னஞ்சலை முதலிலும் இலாகாவைக் கடைசியிலும் வைக்கிறேன். கேட்டதற்காக வேலையை விட்டே நீக்கினால் அது வேறு வழக்கு. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும், நாள் தவறினால் வாய்ப்பு போய்விடும்.

பினாங்கிலும் மற்ற இடங்களிலும் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வாரம் 45 மணி நேரம் என்ற வரம்பு உங்களுக்கும் உண்டு, ஆனால் ஒன்றரை மடங்குக் காசு சட்டப்படி தானாக வராது, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் வரும். கையெழுத்துப் போடும் முன், கூடுதல் வகுப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

எஸ்., உங்கள் சம்பளமும் அடுத்த புதுப்பிப்பில் 4,000ஐத் தாண்டக்கூடும். சின்ன உயர்வு ஒன்றைக் கொடுத்து ஓவர்டைமை இல்லாமல் செய்துவிடும் கணக்கு அதில் இருக்கலாம். 150 வெள்ளி கூட்டிக் கொடுத்து மாதம் 337 வெள்ளி 50 சென் தொகையை எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம்தான். அந்தப் பேச்சு வரும்போது சனிக்கிழமைக்கான தொகையைத் தனி வரியாகக் கேளுங்கள். மேனேஜரிடமிருந்து என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததை யோசிப்போம்.