பக்கத்து ஃபிளாட் சார் எடுத்த படத்துக்கு என்னனு சொல்றது?

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல போட்டோ ஆர்வம் இருக்கற கொஞ்ச பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்கோம். நான் விஸ்காம் படிச்சவன்ங்கறதால எல்லாரும் என்கிட்டதான் 'எப்படி இருக்கு தம்பி'னு கேக்கறாங்க. ரிடையர்டு சார் ஒருத்தர் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படம் போட்டார். காலையில மொபைல்ல எடுத்தது. கடல் கோடு சாய்ஞ்சிருக்கு, வானம் வெளுத்துப்போச்சு, ஓரத்து நந்தி பாதியில கட் ஆகுது, ஷார்ப்பா இல்லனு குரூப்லயே எழுதினேன். அதுலேர்ந்து அவர் படமே போடறதில்ல. நான் சொன்னதெல்லாம் தப்பா?

பதில்: தம்பி, நீங்க சொன்ன நாலுல மூணு சரியாத்தான் இருக்கும். ஆனா நாலையும் ஒரே மூச்சுல, அத்தனை பேர் பாக்கற இடத்துல சொன்னீங்க பாருங்க, அதுதான் பிரச்சனை. புதுசா எடுக்கறவங்களுக்கு ஒரு படத்துக்கு ஒரு குறை போதும். நாலு சொன்னா நாலும் மண்டையில ஏறாது, 'நமக்கு இது வராது'ங்கற ஒண்ணுதான் நிக்கும்.

முதல்ல அந்த ஷார்ப்னஸ் விஷயத்த எடுத்துடுங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா அது சைஸ சுருக்கிடும், ஷட்டர் ஸ்பீடு ஐஎஸ்ஓ மாதிரி படத்தோட ஒட்டிட்டு வர்ற விவரமும் போயிடும், அப்புறம் அந்தப் படத்த வெச்சு ஷார்ப்பா இல்லனு எப்படி தீர்ப்பு சொல்றது? டாக்குமெண்டா அனுப்பச் சொல்லி வாங்கிப் பாருங்க. அப்பவும் உங்க போன்ல கண்ணு வலிக்காம இருக்க ஸ்க்ரீன மஞ்சளாக்கற செட்டிங் ஆன்ல இருந்தா அதை ஆஃப் பண்ணிட்டு, வெளிச்சத்தையும் கூட்டிட்டு பாருங்க. பாதி பேர் படுக்கையில படுத்துட்டு மங்கலான ஸ்க்ரீன்ல பாத்துட்டு 'டல்லா இருக்கு சார்'னு போட்டுடறாங்க.

மீதி மூணையும் பிரிச்சுப் பாருங்க. சாய்ஞ்ச கடல் கோடு கேலரியில எடிட் போய் க்ராப்ல லேசா திருப்பினா பத்து செகண்ட்ல நேராயிடும், அதனால அதை மொதல்ல சொல்லலாம், அவரே செஞ்சு பாத்து சந்தோஷப்படுவார். வெளுத்துப்போன வானம் அப்படி இல்ல, மொபைல் சேவ் பண்ற ஜேபெக்ல முழுசா வெள்ளையா ஆயிட்டா திரும்ப வராது, எந்த ஆப்பும் அதை நிஜமா கொண்டு வராது. அதை குறையா சொல்லாம அடுத்த தடவைக்கான யோசனையா சொல்லுங்க. பாதியில நின்ன நந்தியும் அப்படித்தான், ஒரு ரெண்டடி பின்னாடி போயிருந்தா முடிஞ்சுது. அது இன்னொரு நாளைக்கு.

வானம் ஏன் வெளுத்துதுனு யோசிச்சீங்களா? கோயில் கடலை ஒட்டி கிழக்க பாத்து நிக்குது, நாம டிக்கெட் எடுத்துட்டு உள்ள நடந்து வர்றது மேற்குப் பக்கத்துலேர்ந்து. காலையில அந்தப் பக்கம் நின்னு எடுத்தா சூரியன் கோயிலுக்கு அந்தாண்ட இருக்கும், நம்ம பக்கம் கல்லு நிழல்ல கிடக்கும். கல்லு தெரியணும்னு மொபைல் வெளிச்சத்த கூட்டும், வானம் காணாம போயிடும். சாயங்காலம் அதே இடத்துல நின்னா வெயில் நம்ம முதுகுப்பக்கம் வந்துடும், கல்லும் நல்லா வரும் வானமும் நீலமா நிக்கும். இந்த ஒரு விஷயம் அவருக்கு தெரிஞ்சா அடுத்த வாரமே திரும்பப் போவார். 'வானம் பர்ன் ஆயிடுச்சு'னா எங்க போவார்?

அதுக்கும் முன்னாடி அவர்கிட்ட கேக்கணும், 'எதை காட்டணும்னு சார் நெனைச்சீங்க?'னு. இதை யாருமே கேக்கறதில்ல. அவர் கோயில விட மதில்மேல வரிசையா உக்காந்திருக்கற நந்திகளுக்காகவே அந்தப் படத்த எடுத்திருக்கலாம். அப்படினா நீங்க கடலையும் வானத்தையும் பத்தி பேசினதே வேற படத்துக்கான பேச்சு. அதேமாதிரி மூணுல ஒரு பங்கு விதினு (படத்த மூணு மூணா பிரிச்சு, முக்கியமானத அந்தக் கோட்டுல வைக்கணும்ங்கறது) ஒண்ணு பிடிச்சுக்கிட்டு எல்லா படத்துலயும் கோடு போட்டுக் காட்றாங்க பாருங்க, தயவுசெஞ்சு அந்தப் பழக்கம் வேணாம். கோபுரத்த நடு மையத்துல வெச்சு எடுத்தா அது தப்பில்ல.

நல்லதையும் குறிப்பா சொல்லுங்க. 'செம சார், சூப்பர் சார்' அவருக்கு ஒண்ணும் கத்துக்குடுக்காது. இப்ப அவருக்கு போன் பண்ணியோ தனியா மெசேஜ்லயோ இப்படி சொல்லிப் பாருங்க: 'சார், அந்த நந்தி வரிசை நேரா கோயில் வரைக்கும் கண்ணை கூட்டிட்டு போகுது, அந்த இடத்த நல்லா பிடிச்சிருக்கீங்க. கடல் கோட்ட எடிட்ல கொஞ்சம் நேராக்கிட்டு பாருங்களேன். சாயங்காலம் ஒருநாள் சேர்ந்து போலாம், வெளிச்சம் நம்ம பக்கம் இருக்கும். குரூப்ல எல்லார் முன்னாடியும் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.' இவ்ளோதான்.

இப்ப நான் உண்மையிலயே எச்சரிக்க நெனைக்கிறது வேற. இந்த மாதிரி குரூப்கள்ல ஒரு டைப் ஆளுங்க உள்ள வர்றாங்க. புதுசா ஒருத்தர் படம் போட்ட உடனே கிழிகிழினு கிழிப்பாங்க, மனுஷன் நொந்து போய் உக்காந்திருக்கும்போது இன்பாக்ஸ்ல வந்து 'கவலப்படாதீங்க சார், நம்ம வொர்க்‌ஷாப்ல சேருங்க'னு பீஸ் சொல்லுவாங்க. பீஸ் கட்டினப்புறம் அதே மாதிரி படத்துக்கு 'வாவ்'. அது முடிஞ்சா ப்ரீசெட் பேக் (ஒரே தட்டுல படத்தோட கலர மாத்தற ரெடிமேட் எடிட் செட்டிங்ஸ்), அது முடிஞ்சா 'உங்க மொபைல்ல இதுக்கு மேல வராது, ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்குங்க, நம்ம ஆள்கிட்ட டிஸ்கவுண்ட்'. பென்ஷன் காசுல லென்ஸ் வாங்கி பீரோவுல பூட்டி வெச்சிருக்கற பெரியவங்கள எனக்கு தெரியும், பாக்கவே வயிறெரியுது. குறை சொல்றவர் அடுத்த வரியில எதையாவது விக்கறாரானு மட்டும் பாருங்க. வித்தா அது ஃபீட்பேக் இல்ல, வியாபாரம்.

இன்னொண்ணு காசு கட்ற போட்டிங்க. 'உங்க படம் தேர்வாயிருக்கு, சர்டிஃபிகேட்டுக்கு இவ்ளோ, வெளிநாட்டு கண்காட்சிக்கு இவ்ளோ'னு மெயில் வரும். எல்லார் படமும்தான் தேர்வாகும்! சில போட்டி விதிமுறையில படத்த காலம்பூரா எதுக்கு வேணா யூஸ் பண்ணிக்குவோம்னு ஒரு வரி இருக்கும், அதை படிக்காம யாரும் அனுப்ப வேணாம்னு உங்க குரூப்ல பின் பண்ணி வைங்க. எஃப்ஐஏபி (சர்வதேச போட்டோகிராஃபி கூட்டமைப்பு) அங்கீகாரம்னு போட்டிருந்தா அதுக்கு ஒரு நம்பர் குடுத்திருப்பாங்க, அவங்க சைட்லயே அந்த நம்பர சரிபாத்துக்கலாம். சரி, இப்படி அங்கீகாரம் இருக்கற நிஜமான போட்டோ போட்டியிலயாவது கருத்து கிடைக்குமானா அதுவும் பெரும்பாலும் இல்ல. ஜூரி ஒரு படத்துக்கு சில நொடிதான் குடுக்கறாங்க, மார்க் வரும், ஏன் அந்த மார்க்னு ஒரு வரி வராது. இத்தனை நாட்டுல இத்தனை படம் தேர்வானா பேருக்குப் பின்னாடி பட்டம் மாதிரி எழுத்து போட்டுக்கலாம்னு கணக்கு வேற. காசு கட்டி நம்பர் வாங்கறதுக்கு பக்கத்து ஃபிளாட்ல ஒருத்தர் உக்காந்து ரெண்டு வரி உருப்படியா சொன்னா எவ்வளவோ மேல், அதனாலதான் உங்கள மாதிரி ஆளுங்க இதை ஒழுங்கா செய்யணும்னு இவ்ளோ நீளமா எழுதறேன்.

பக்குவமா சொல்லுங்கனு இவ்ளோ நேரம் சொன்னேன், ஒரே ஒரு இடத்துல அது செல்லாது: பறவைக் கூடு. பால்கனி தொட்டியிலயோ வேடந்தாங்கல் போற வழியிலயோ கூட்டுல குஞ்சு இருக்கறத கிட்ட போய் எடுத்துட்டு வந்து போடுவாங்க, கமெண்ட்ல எல்லாரும் ஹார்ட்டா குவிப்பாங்க. நாம கிட்ட போனா தாய்ப்பறவை பறந்துடும், அது திரும்பி வர்ற வரைக்கும் முட்டையும் குஞ்சும் வெயில்ல காயும், காக்கா பாத்துட்டே இருக்கும். தெளிவா தெரியணும்னு இலைய ஒதுக்கி, கிளைய ஒடிச்சு எடுக்கறவங்க இருக்காங்க, அந்த மறைப்பு போச்சுனா கூடு போச்சு. பல இயற்கைப் போட்டிகள்ல கூட்டுப் படத்த வாங்கறதே இல்ல. டாக்குமெண்டா அனுப்பச் சொன்னேன்ல, கேமராவுல லொகேஷன் ஆன்ல இருந்தா அந்த இடமும் அதுல சேர்ந்து போகும், அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க பத்து கேமரா நிக்கும். இந்தப் படத்துக்கு லைட்டிங் நல்லாருக்கு, ஃபோகஸ் நல்லாருக்குனு எதுவுமே சொல்லாதீங்க. வயசுல பெரியவரா இருந்தாலும் உடனே போன் போட்டு, 'சார், குஞ்சு பறந்து போற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க, படத்தையும் குரூப்லேர்ந்து டெலீட் பண்ணிடுங்க'னு நேரா சொல்லிடுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.