யுகேஜி கட்டணத்துக்கு நகை அடகில். கல்லூரிக்கு மாதம் 5,000 ரூபாய் பாலிசியா?

கேள்வி: கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். பிடித்தம் போக மாதம் 46,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகளுக்கு நாலரை வயது, யுகேஜி. மகனுக்கு ஒன்றரை வயது. நான் கணக்காளராக 22,000 வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிரசவத்தோடு வேலையை விட்டேன். வாடகை 10,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 13,000, ஸ்கூல் வேன் 1,800, டயப்பர், டாக்டர் 3,500, பெட்ரோல், கரண்ட், போன் 4,500, ஊரில் மாமியாருக்கு 3,000. மகள் பெயரில் குழந்தைகள் பாலிசிக்கு மாதம் 5,000. பள்ளிக் கட்டணம் வருடம் 58,000. சீருடை, புத்தகத்துக்குத் தனியாக 9,000. போன ஜூனிலும் இந்த ஜூனிலும் இதற்காகவே நகையை அடகு வைத்தோம். 1,20,000 ரூபாய் கடன், ஒன்றரை வட்டி. பாலிசி போட்டுக் கொடுத்த சித்தப்பா முறை உறவினர் மகன் பெயரிலும் ஒன்று போடச் சொல்கிறார், வரியும் மிச்சமாம். மறுபடி வேலைக்குப் போகலாம் என்றால், இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளக் காப்பகத்தில் 7,500 கேட்கிறார்கள். போக்குவரத்தும் சேர்ந்தால் மிஞ்சுவது 12,000. "அதற்காகவா பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக வேண்டும்?" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: செலவுக் கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள், கணக்காளர் அல்லவா. அதில் இரண்டு வரிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலிசிக்கு வருடம் 60,000 போகிறது. பள்ளிக் கட்டணம் 58,000. பதிமூன்று வருடம் கழித்து வரப்போகும் கல்லூரிக்குப் பணம் சேர்க்க, இன்றைய யுகேஜிக்கு நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதுபோன்ற சேமிப்பு பாலிசிகளில் முதிர்வில் கிடைப்பதைக் கணக்கிட்டால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சதவீதம்தான் தேறும். ஒன்றரை வட்டி என்பது ஆண்டுக்கு 18 சதவீதம். இந்த இடைவெளியைத்தான் ஒவ்வொரு மாதமும் உங்கள் குடும்பம் கட்டிக்கொண்டிருக்கிறது.

பாலிசிப் பத்திரத்தை எடுத்து, காப்பீடு யார் உயிர் மேல் என்று பாருங்கள். "மகள் பெயரில்" என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். காப்பீடு குழந்தையின் உயிர் மேல் இருந்தால், கணவருக்கு ஏதாவது ஆனால் அந்த பாலிசியிலிருந்து உங்களுக்குப் பணம் வராது. பிரீமியத் தள்ளுபடி என்ற கூடுதல் வசதியைச் சேர்த்திருந்தால் மீதித் தவணைகள் மட்டும் கட்ட வேண்டியிருக்காது. பிள்ளைகள் நம்பியிருப்பது அப்பாவின் சம்பளத்தை. காப்பீடு வேண்டியது அந்தச் சம்பளத்துக்குத்தான். பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் காப்பீட்டின் உச்சவரம்பே 7 லட்சம்தான். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது காணாது.

ஆகவே முதல் வேலை, கணவருக்கு 60 வயது வரை ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி, அதாவது அந்தக் காலத்துக்குள் உயிருக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. புகைப்பழக்கம் இல்லாத முப்பதுகளில் இருப்பவருக்கு மாதம் 1,000 ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. விண்ணப்பத்தில் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-இன் கீழ் எடுப்பதாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் அந்தத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு பழையதன் தவணையை நிறுத்துங்கள். இரண்டு முழு வருடத் தவணை கட்டியிருந்தால் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. சரண்டர் செய்து, அதாவது பாலிசியை இடையிலேயே முடித்துக் கிடைப்பதை வாங்கிக்கொள்வது ஒன்று. மேற்கொண்டு கட்டாமல், கட்டியதற்கு ஏற்பக் குறைந்த தொகையை முதிர்வில் பெறும் 'பெய்டு-அப்' இன்னொன்று. ஆரம்ப வருடங்களில் சரண்டர் செய்தால் கட்டியதில் பாதிகூட வராமல் போகலாம். உங்கள் நிலையில் பெய்டு-அப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் சரண்டர் தொகை நகைக் கடனில் ஒரு பெரும் பகுதியை அடைக்கும் என்றால் அதையே எடுத்து அடைத்துவிடலாம். 18 சதவீதக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரிந்து உங்களுக்கு இல்லை.

மிச்சமாகும் 5,000-உடன் 600 சேர்த்து, பள்ளிக் கட்டணத்துக்கென்றே ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். சீருடை, புத்தகமும் சேர்ந்த 67,000-ஐ பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 5,600. அடுத்த ஜூனில் அடகுக்கடை வாசலை மிதிக்க வேண்டாம். இப்போது நகைக் கடனின் வட்டி 1,800-உம் போக மாதம் 3,400 மிஞ்சுகிறது. அதில் இந்த 600-உம் டேர்ம் பிரீமியமும் போக 1,800 நிற்கும். அது காய்ச்சல் பணம். சிறு பிள்ளைகளின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி சளி, இருமல், நெபுலைசர் என்று வெளிநோயாளி சிகிச்சையிலேயே போய்விடும். சாதாரண மருத்துவக் காப்பீடு அதற்குக் கொடுக்காது. வங்கிக் கணக்கில் தனியாகக் கிடக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் நகைக் கடனில் அசல் அப்படியே நிற்கும். மகனும் இரண்டு வருடத்தில் எல்கேஜிக்கு வருவான்; ஆர்.டி. 11,000 ஆகிவிடும். 46,000 சம்பளத்துக்குள் அதற்கு இடமில்லை. அதனால்தான் நீங்கள் வேலைக்குப் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காப்பகச் செலவை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? பிள்ளைகள் இருவருக்கும்தானே. 46,000-உம் 22,000-உம் சேர்ந்து 68,000 வரும் வீட்டில் 7,500 ஒரு செலவு, வாடகையைப் போல. கணவரின் பெட்ரோலைக் கழித்துவிட்டு "உங்களுக்கு மிஞ்சுவது இவ்வளவுதானே, எதற்கு வேலை" என்று யாரும் கேட்பதில்லை. அந்த 12,000 சின்னத் தொகையும் அல்ல. அப்படியே நகைக் கடனில் கட்டினால் ஒரு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். பி.எஃப். மறுபடி ஓடத் தொடங்கும். மகன் பள்ளிக்குப் போனதும் காப்பகச் செலவு குறையும். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு அதே 22,000-த்துக்குக்கூட வேலை தேடுவது கடினம் என்பது உங்கள் துறையில் உங்களுக்கே தெரியும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள். ஆனால் முதல் சில மாதங்கள் காப்பகத்தில் பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கும், லீவு போகும். 12,000-ஐ 10,000 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மகனை இப்போதைக்கு விட்டுப் போக மனமில்லை என்றால் அதுவும் நியாயம்தான். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவராக இருப்பீர்கள். மாதாந்தர ஜிஎஸ்டி கட்டும் கடைகளுக்கு 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும் 20-ஆம் தேதிக்குள் ரிட்டர்னும் போக வேண்டும். இரண்டு மூன்று கடைக் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மதியத் தூக்க நேரத்தில் முடிகிற வேலை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மகனுக்கு இன்னொரு பாலிசி வேண்டாம். வரி மிச்சம் என்பதும் உங்களுக்குப் பொருந்தாது. இந்தச் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் கட்ட வேண்டிய வரியே இல்லை. மகளுக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயோடு தொடங்கி வைக்கலாம். 2024 ஜனவரி முதல் வட்டி 8.2 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை மாறலாம். நகை திரும்பிய பிறகு கூட்டிக் கட்டுங்கள். 18 வயது அல்லது பத்தாம் வகுப்பு வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. மகனுக்குப் பிறகு பார்க்கலாம். அவசரமே இல்லை.

மகனின் எல்கேஜிக்கு இன்னொரு கதவும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் கட்டணமில்லாமல் ஒதுக்கப்படுகிறது. இரண்டு லட்ச வருமான வரம்பு எல்லாருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதே இல்லை. அந்த வரம்பு நலிவடைந்த பிரிவினருக்கு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூகத்தவர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினராகச் சாதிச் சான்றிதழ் வைத்தே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ்களை இப்போதே தயாராக வையுங்கள்.

சித்தப்பாவிடம் சண்டை போட வேண்டியதில்லை. இன்றைய தேதியில் சரண்டர் தொகை எவ்வளவு, பெய்டு-அப் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நீங்களே கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். ஏஜென்ட் கூட வர வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை.