மலையைச் சுற்றி சைக்கிளில் போகிறோம் அண்ணாச்சி, முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் பாளையங்கோட்டையில் காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் எட்டுப் பேர். வயது 38 முதல் 57 வரை. பிப்ரவரியில் தென்காசி, ஆரியங்காவு, தென்மலை, பொன்முடி, நாகர்கோவில் வழியாக மலையை ஒரு சுற்று சுற்றி ஊர் திரும்ப ஆசை. வெளியூர் ஏற்பாட்டாளர் ஒருவர் ஐந்து நாளுக்கு ஆளுக்கு 16,500 ரூபாய் கேட்கிறார், பாதி முன்பணம். எங்களில் மூன்று பேரிடம் கியர் இல்லாத சைக்கிள்தான் இருக்கிறது. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

பதில்: மாதத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஆரியங்காவு சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் பஸ், வேன். ஆடியில் போனால் செங்கோட்டைக் கணவாய்க் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பிப்ரவரியில் இரண்டும் இல்லை. புளியரை ஏற்றத்தில் மட்டும் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளோடு பாதையைப் பங்கு போட வேண்டியிருக்கும். அதனால் முதல் நாள் இரவு தென்காசியிலோ செங்கோட்டையிலோ தங்கி, விடிந்ததும் ஏறிவிடுங்கள்.

ஐந்து நாள் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசி ஒரு நாள். ஆரியங்காவு, தென்மலை தாண்டிக் குளத்துப்புழை இரண்டாம் நாள். அங்கிருந்து பாலோடு வழியாக விதுரை மூன்றாம் நாள். பொன்முடிக்கு மட்டும் ஒரு நாள் முழுதாக வேண்டும். 22 கொண்டை ஊசி வளைவு, ஏறிவிட்டு அதே வழியில் இறங்க வேண்டும். அப்புறம் நாகர்கோவில் வரை ஒரு நீண்ட நாள், ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகப் பாளைக்கு இன்னொரு நாள். ஆக ஆறு. ஐந்தில் முடிப்பேன் என்பவர் பொன்முடிக்கு உங்களை வேனில் ஏற்றிப் போகும் எண்ணத்தில் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் மிதிக்கிறோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி சைக்கிள். கடைக்காரர் 21 கியர், 24 கியர் என்பார். அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பல்லை எண்ணுங்கள். பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்வட்டுகளில் சின்னதற்கு எத்தனை பல், பின்சக்கரத்தோடு இருக்கும் பல்வட்டுகளில் பெரியதற்கு எத்தனை பல்? இரண்டும் சமமாக இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரமும் ஒரே சுற்று, சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். ஏற்றத்தில் அது கௌரவமான வேகம்தான். முன்னால் 44, பின்னால் 18 பல் உள்ள கியரில்லாத சைக்கிளில் அதே ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்கு மேல் நகர்த்தியாக வேண்டும். 57 வயது முழங்காலுக்கு அது வேண்டாத வம்பு. பின்பக்கப் பல் முன்பக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ரிம்மைக் கவ்வும் பிரேக் என்றால் நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடிக்கப் பிடிக்க ரிம் சூடாகி டியூபே வெடிக்கலாம். மழை ஈரத்தில் பிடிக்கத் தாமதமாகும். டிஸ்க் பிரேக் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் புறப்படும் முன் புது பிரேக் கட்டை மாட்டி, விட்டு விட்டுப் பிடித்துப் பழகுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் வாரம் இரண்டு நாளாவது ஓட்டுவோம் என்பவர் வாங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய சரக்கு என்று சொல்லி 12 போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் புறப்படும் காலையில்தான் அதன் முகத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் முன்பே எடுத்துக் குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாடகைச் சைக்கிளை ஆரியங்காவில் ஒரு டீக்கடைச் சுவரில் சாய்த்தார். அது வலப்பக்கமாகச் சரிந்தது. பார்த்தால் கீறல்கூட இல்லை. செயினைப் பல்வட்டு மாற்றும் பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற விரல் நீள அலுமினியத் துண்டு மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. அடுத்த ஏற்றத்தில் அவர் லேசான கியருக்கு மாற்றினார், அந்தப் பின்கியர் மொத்தமும் ஸ்போக்ஸுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அந்தத் துண்டு ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், ஊர்க் கடையில் கிடைக்காது. சைக்கிள் கடைக்காரர் செயினை வெட்டி ஒற்றைக் கியராக மாட்டிக் கொடுத்தார். அவர் வாங்கியது நாற்பது ரூபாய். வாடகைக் கடை எங்களிடம் வாங்கியதைச் சொல்ல மாட்டேன். ஆகவே உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றும் ஆளுக்கு இரண்டு டியூபும் பையில் இருக்கட்டும். வால்வு மெல்லிய பிரெஸ்டா வகையா என்றும் பாருங்கள். ஊர்க் கடை பம்பு அதில் பொருந்தாது. சுண்டு விரல் நகமளவு பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப் பையில் கிடந்தால் கவலையில்லை.

அந்த 16,500 ரூபாயில் உண்மையில் நீங்கள் வாங்குவது பின்னால் வரும் வண்டியைத்தான். அறையும் சாப்பாடும் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியவை. அதனால் வண்டி என்ன, மஞ்சள் போர்டா, கேரளத்துக்குள் போகப் பெர்மிட் உண்டா என்று கேளுங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார். சைக்கிள் ஏற்றக் குட்டி யானை வருகிறது என்றால், களைத்துப் போனவரை அதன் பின்னால் உட்கார வைக்கக் கூடாது. எட்டு சைக்கிளும், மிதிக்க முடியாத இரண்டு மூன்று பேரும் ஏறும்படியான வேன் வேண்டும். இதெல்லாம் எழுத்தில் வந்த பிறகு கால் பங்கு முன்பணம் பேசிப் பாருங்கள். பாதி அதிகம்.

கேள்வி: சங்கரன்கோவிலிலிருந்து எழுதுகிறேன். இதேபோல ஒரு பயணத்துக்கு நவம்பரில் 6,000 ரூபாய் கட்டினேன். மழை என்று ஏற்பாட்டாளர்களே ரத்து செய்துவிட்டு, "அடுத்த முறை வாருங்கள், பணம் திரும்பாது" என்கிறார்கள். அலுவலகம் வேறு மாநிலத்தில்.

பதில்: மழை அவர்கள் குற்றமில்லை, சரி. அதற்காகத் தராத சேவைக்கு உங்கள் பணம் அவர்களுடையது ஆகிவிடாது. அடுத்த முறை வருவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ரத்து விதி என்று ஏதாவது முன்பே அனுப்பியிருந்தார்களா என்று வாட்ஸ்அப்பைத் தேடுங்கள். பிறகு 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், பல பேர் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடுவை மட்டும் தவற விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பயணத் திட்டத்தில் மாஞ்சோலையும் இருக்கிறது. நம்பலாமா? (வீரவநல்லூர்)

பதில்: மாஞ்சோலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை விட்டால்தான் மேலே போக முடியும். சைக்கிளில் குழுவாகப் போக உங்கள் ஏற்பாட்டாளர் அனுமதி வாங்கியிருக்கிறார் என்றால் அந்தக் கடிதத்தைக் காட்டட்டும். "அங்கே நமக்கு ஆள் இருக்கிறது" என்றால் அந்த நாளுக்கான பணத்தைக் கழித்துவிட்டு மீதிக்குப் பேசுங்கள்.