ஸ்டோரேஜ் ஹீட்டர் வால்வு மாத்துறதுக்கு முன்னாடி தண்ணிய எப்படி வடிக்கிறது?

சுங்கை சிப்புட் வீட்டுல சுவத்துல மாட்டுன ஹீட்டர், சேஃப்டி வால்வு ஒழுகுது, பச்சத்தண்ணி உள்ள வர்ற இன்லெட்ட மூடியும் டேங்கி வடியலன்னு கேக்குறீங்க. காத்து உள்ள போனாதான் தம்பி தண்ணி எறங்கும். மொதல்ல சுவிச்ச அடைச்சு ராத்திரி பூரா ஆற விடுங்க, அவசரப்பட்டா கை வெந்துடும், அப்புறம் சுடுதண்ணி பைப்ப தொறந்து வச்சிட்டு சேஃப்டி வால்வு குச்சிய தூக்குனா களக்களக்னு வரும், கீழ வாளி வைங்க, நம்ம ஊரு தண்ணிக்கு அடியில செம்மண் கணக்கா கசடு வரும். புது வால்வு மரைக்கு பைப்புக்கு சுத்துற வெள்ள டேப்ப வலஞ்சுழியா சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்துனா முறுக்கும்போது கழண்டுக்கும். வால்வ மாட்டி இன்லெட்ட தொறந்ததும், தண்ணி ரொம்பி, சுடுதண்ணி பைப்புல காத்து தும்முறது நின்னு ஒரே சீரா வர்ற வரைக்கும் சுவிச்ச மட்டும் தொடாதீங்க, வெறும் டேங்கியில தண்ணிய சூடாக்குற எலிமெண்ட் கருகிடும் லா.