ரயோங், சமெட் தீவு: கேள்விகளும் என் பதில்களும்

தாய்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், ரயோங் மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். லீவு நெருங்கினால் ஊரிலிருந்து கேள்விகள் வந்து குவிகின்றன. இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். விசா விதி அடிக்கடி மாறுவதால் அதைத் தூதரகத் தளத்தில் பாருங்கள், என்னைக் கேட்க வேண்டாம்.

கோவை வாசகி: பாங்காக்கில் இறங்கி நேரே சமெட் தீவுக்குப் போய்விடலாமா? ரயோங்கில் பார்க்க ஏதாவது இருக்கிறதா, அக்கா?

போகலாம். பாங்காக்கின் எக்கமாய் பேருந்து நிலையத்திலிருந்து பான் பே துறைக்கு பஸ் இருக்கிறது, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பான் பேயில் மரப்படகு ஏறினால் முக்கால் மணிக்குள் தீவு. மரப்படகுகள் மாலையோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஸ்பீடு போட்தான், காசும் கூட.

ஆனால் ரயோங்கைப் படகுத்துறையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு ராத்திரியாவது கரையில் தங்குங்கள். ரயோங் மாகாணத்திலேயே கிளெங் என்ற ஊர்ப் பக்கம், பிரசே ஆற்று முகத்துவாரத்தில் ஒரு சதுப்புநிலக் காடு இருக்கிறது. பலகைப் பாதையில் உள்ளே நடந்து போனால், உயரமான மரங்கள் சட்டென்று முடிந்து, குட்டையான செடிகள் ஒரே மட்டத்தில் விரிந்து கிடக்கும். காலை வெயில் பட்டால் மஞ்சளும் பச்சையும் கலந்து விளைந்த வயல் மாதிரி இருக்கும். பக்கத்திலேயே ஓய்வுபெற்ற பிரசே போர்க்கப்பலைக் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மே, ஜூனில் வந்தால் பழத்தோட்டம் ஒன்றுக்குக் கட்டாயம் போங்கள். டுரியான், மங்குஸ்தான், ரம்புட்டான் மூன்றும் ஒரே சமயத்தில் பழுக்கும் காலம் அது. டுரியானை ஓட்டல் அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கேயே வெட்டச் சொல்லிச் சாப்பிட்டுவிடுங்கள்.

மதுரை வாசகர்: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். "ஜே" என்று கேளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் பலகையில் சிவப்பில் எழுதியிருக்கும் கடைகளைத் தேடுங்கள். அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே விரதம் வரும், அப்போது தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான். சாதாரணக் கடையில் "வெறும் காய்கறி" என்று சொன்னால் போதாது, மீன் சாறு ஊற்றித்தான் வதக்குவார்கள். "மாய் சை நாம் ப்லா" என்று சொன்னால் அதை ஊற்ற மாட்டார்கள். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறாலும் போடுவார்கள். அதையும் தனியாகச் சொல்லித் தடுக்க வேண்டும்.

சேலம் வாசகர்: தீவில் பைக் வாடகைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். இருசக்கர வாகனத்துக்கும் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். விழுந்து அடிபட்டால் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்கவும் கூடாது. மேடும் வளைவுமான பாதை அது. பலர் சேர்ந்து ஏறும் பச்சை நிற வண்டிகள் ஓடுகின்றன, அவற்றில் போங்கள்.

திருச்சி வாசகர்: தீவுக்குள் நுழைய தாய்லாந்துக்காரர்களுக்கு 40 பாட், நமக்கு 200 பாட். இது பகல்கொள்ளை இல்லையா?

தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்கா, 1981இல் அறிவிக்கப்பட்டது. கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு கடற்கரைக்குப் போகும்போது அதைக் காட்டச் சொல்வார்கள்.

சென்னை வாசகி: திருச்சிக்காரர் மாமல்லபுரம் போனதில்லையா? நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். நம் ஊரில் சரி, அங்கே தப்பா?

திருச்சி வாசகர்: அந்தப் பலகையை முழுசாகப் படியுங்கள், அம்மா. சார்க் (தெற்காசிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகள்) என்ற கூட்டமைப்புகளின் நாட்டவருக்கும் 40 ரூபாய்தான். தாய்லாந்து பிம்ஸ்டெக்கில் இருக்கிறது. அவர்கள் நம் ஊரில் நம் விலையில் பார்க்கிறார்கள், நாம் அவர்கள் ஊரில் ஐந்து மடங்கு கொடுக்கிறோம். கேட்பது தப்பா?

பினாங்கு வாசகர்: மலேசியாவிலும் பல இடங்களில் அடையாள அட்டை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. இதற்கா இவ்வளவு?

திருச்சிக்காரர் சொல்லும் கணக்கு சரிதான். பதிலுக்கு நமக்கும் சலுகை வேண்டும் என்று அரசிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் உள்ளூர் விலை குறைவாக இருப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ரயோங்கில் குறைந்தபட்ச நாள் கூலி 400 பாட். பெரியவர்கள் நாலு பேர் தலைக்கு 200 கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் கூலி வாசலிலேயே போய்விடும். தன் வீட்டுக்கு எதிரே இருக்கும் தீவை ஒரு மீனவர் குடும்பம் பார்க்க முடியாமல் போவதுதான் உண்மையான அநியாயம். டிக்கெட் கொடுப்பவரிடம் மட்டும் சண்டை பிடிக்காதீர்கள், விலையை வைத்தவர் அவர் இல்லை.

ஈரோடு வாசகி: தீவில் சைவம் கிடைக்குமா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: எண்ணெய்க் கசிவு நடந்த கடல் என்கிறார்களே, குளிக்கலாமா?

2013 ஜூலையில் கடலில் எண்ணெய் இறக்கும் குழாயிலிருந்து சுமார் 50,000 லிட்டர் கச்சா எண்ணெய் கசிந்து, தீவின் மேற்கில் உள்ள பிராவ் விரிகுடாவில் கறுப்பாக ஒதுங்கியது. 2022 ஜனவரியில் மறுபடியும் ஒரு கசிவு, அந்த முறை கரையிலுள்ள மே ராம் புவெங் கடற்கரை. இப்போது குளிக்கலாம், நானும் குளிக்கிறேன். ஆனால் மாப் தா புட் தொழிற்பேட்டையும் இந்தத் தீவும் ஒரே கடலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை மறக்கவே கூடாது. அனல்மின் நிலையமும் உப்பளமும் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இது புரியும்.

நாகர்கோவில் வாசகர்: எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை. ஆனாலும் கோ சாங் தீவைவிட இங்கே மழை குறைவு.

கும்பகோணம் வாசகி: சாய் கெவ் கடற்கரையில் குழலூதும் ஆணும் கடல்கன்னியும் சிலையாக நிற்கிறார்களாமே, அது என்ன கதை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சுந்தோன் பூ தாய்லாந்து மொழியின் பெருங்கவிஞர், 1786இல் பிறந்தவர். அவருடைய நெடுங்காவியம் 'பிரா அபய் மணி'. அதில் குழல் வாசிக்கும் இளவரசனைக் கடல் அரக்கி ஒருத்தி பிடித்துக்கொண்டு போய்விடுவாள். கடல்கன்னியின் உதவியால் அவன் தப்பி ஒரு தீவில் அடைக்கலம் புகுவான். அந்தத் தீவு சமெட்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. கவிஞரின் தகப்பனாருக்கு கிளெங் பக்கம் கிராம் என்ற ஊர். அங்கே நினைவுப் பூங்கா இருக்கிறது, காவிய மாந்தர்களின் சிலைகளோடு. பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிட்டு அங்கே கூட்டிப்போங்கள்.

ஓசூர் வாசகர்: புக்கெட்டில் நல்ல ரிசார்ட் சொல்லுங்கள்.

அது வேறு கடல், என் பக்கம் இல்லை.

விழுப்புரம் வாசகர்: தீவில் ஸ்கூட்டர் எடுத்தால்…

சேலம்காரருக்குச் சொன்னதேதான். அனுமதி இல்லையா, எடுக்காதீர்கள்.

திருநெல்வேலி வாசகி: ஊருக்கு வாங்கிப்போக என்ன இருக்கிறது?

பான் பே சந்தையில் காய்ந்த கணவாய். கரித்தணலில் வாட்டி, கையால் சுற்றும் சின்ன உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தட்டையாக இழுப்பார்கள். நார் நாராகப் பிரியும், காரமான சாறு ஒன்று தொட்டுக்கொள்ளத் தருவார்கள். அதை அங்கேயே சாப்பிடுங்கள். ஊருக்குக் காயவைத்ததைப் பொட்டலமாக வாங்குங்கள், மீன் சாறு புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: ஆறு வயசுப் பையனோடு வருகிறோம். கடல் ஆபத்தா?

தீவின் கிழக்குக் கரைகள் ஓரளவு அமைதியானவை, உங்களுக்கு அதுவே போதும். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குப் பக்கம் அலை எழும்பும். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். மழை மாதங்களில் ஜெல்லிமீன் ஒதுங்கும், பையனுக்கு முழுக்கை நீச்சல் உடை போட்டுவிடுங்கள். ஒரு சின்னப் புட்டி வினிகரையும் பையில் எடுத்து வாருங்கள்.