வளையம் தெரியாத லைம் நோய்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகன் அலுவலக வேலையாக ஏப்ரல் முதல் ஜூலை வரை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டுத் திரும்பினான். வந்த சில வாரங்களில் முகத்தின் வலப் பக்கம் கோணிக்கொண்டது. சாதாரண முகவாதம் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரமே இடப் பக்கமும் இழுத்துக்கொண்டது. இரவில் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி எடுத்துத் தூங்க முடியாமல் தவிக்கிறான். அங்குள்ள உறவினர் லைம் நோயாக இருக்கலாம் என்கிறார். ஆனால் படங்களில் காட்டும் வளையம் போன்ற தடிப்பு எதுவும் அவனுக்கு வரவில்லையே? ஜூன் மாதம் முழங்காலுக்குப் பின்புறம் ஒரு சிவப்புப் படை வந்தது, படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு போட்டேன், தானாக மறைந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறான்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வளையம் இல்லாமலும் லைம் நோய் வரும், அம்மா. உங்கள் கடிதத்தின் கடைசி வாக்கியம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த நோயை உண்டாக்கும் பொரேலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியா, உண்ணி கடிப்பதன் மூலம் உடலுக்குள் நுழைகிறது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோலில் ஒரு சிவந்த தடிப்பு தோன்றி, நாளுக்கு நாள் விரிந்து, பெரும்பாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெளிர் நிறம், அதைச் சுற்றி மறுபடியும் சிவப்பு என்ற தோற்றம்தான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் காணப்படும் தடிப்புகளில் பெரும்பாலானவை ஒரே சீரான சிவப்பாகவே இருக்கின்றன. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்புகூடத் தெளிவாகத் தெரியாமல், கன்றிப்போன இடம் போல மங்கிய ஊதாவாகத் தெரியலாம். பெரும்பாலும் வலியோ அரிப்போ இராது. முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், முதுகு என்று கண்ணுக்கு எளிதில் படாத இடங்களில் வருவதால், வந்ததே தெரியாமல் போகிறவர்களும் உண்டு. படர்தாமரையில் ஓரம் செதில் செதிலாக இருக்கும், அரிக்கும். லைம் தடிப்பில் பொதுவாக இவை இரண்டும் இருப்பதில்லை. உங்கள் மகனுக்கு அந்தப் படை அரித்ததா, எவ்வளவு பெரிதாக விரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் மிகவும் உதவும். உண்ணி கடித்த நினைவே இல்லை என்று அவர் சொன்னாலும் அதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் நோயைப் பரப்புவது கசகசா அளவே உள்ள இளம் உண்ணி, அதன் கடி வலிப்பதில்லை.

இப்போது முகத்துக்கு வருவோம். ஒரு பக்க முகவாதம் பலருக்கும் வரக்கூடியது, அதற்கு மாத்திரை கொடுத்ததில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் அடுத்தடுத்து இரு பக்கமும் விழுந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். கில்லன்-பாரே (நரம்புகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்), சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), எச்.ஐ.வி. ஆகியவற்றோடு லைம் நோயும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. இரவில் கூடும் முதுகு வலியும் அதே நோய் நரம்பு வேர்களைத் தாக்குவதால் வரக்கூடியது. இதை டிஸ்க் விலகல் என்றோ, கொப்புளம் வராத அக்கி என்றோ நினைத்துச் சிகிச்சை தருவது மேலை நாடுகளிலேயே நடக்கிறது. எனவே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர்ச் சோதனையும் செய்வார்கள். தடிப்பு வந்த முதல் சில வாரங்களில் இரத்தச் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டுவது சகஜம்; இவ்வளவு நாட்கள் கழிந்த நிலையில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். உறுதியானால் பொதுவாக 14 முதல் 21 நாட்கள் வரை டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து போதும். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவருக்குத் தலைசுற்றல், மயக்கம், படபடப்பு, படியேறினால் மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் காத்திராமல் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சிலருக்கு இந்த நோய் இதயத்தின் மின்னோட்டப் பாதையைத் தாக்கித் துடிப்பைத் தடுத்துவிடும். சில மணி நேரத்திலேயே மோசமாகலாம். இளைஞருக்குக் காரணமில்லாமல் இதயத் துடிப்பு குறையும்போது இது நினைவுக்கு வந்தால், தற்காலிக பேஸ்மேக்கரோடும் ஆன்டிபயாடிக்கோடும் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படுவது அரிது.

1975-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியபோது, அது சிறுவர்களுக்கு வரும் முடக்குவாதம் என்றுதான் முதலில் கருதப்பட்டது. ஒரே ஊரில் இத்தனை பேருக்கா என்று விடாமல் கேட்டவர்கள் அந்த ஊர்த் தாய்மார்களே. நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு ஓராண்டாக உடல் அசதி, மூட்டு வலி. குடகு, பந்திப்பூர்ப் பக்கம் அடிக்கடி மலையேறுவேன். பரிசோதனைத் தொகுப்பு ஒன்றில் லைம் ஐஜிஎம் 'பாசிட்டிவ்' என்று வந்தது. ஆறு மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொல்கிறார் ஒருவர். சாப்பிடலாமா?
– வாசகர், கோரமங்கலா, பெங்களூரு

பதில்: வேண்டாம். ஐஜிஎம் என்பது தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருள், ஐஜிஜி பிறகு உருவாவது. அறிகுறி தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால், ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவாக இருப்பதை லைம் நோய்க்கு ஆதாரமாகக் கொள்வதில்லை. அதற்குள் ஐஜிஜி வந்திருக்க வேண்டும். நாகரஹொளே, பந்திப்பூர்க் காட்டுப் பகுதி மக்களிடம் இதன் எதிர்ப்பொருள் காணப்பட்டதாக ஆய்வு உண்டு. ஆகவே கர்நாடகத்தில் இது அறவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விரிந்து பரவிய தடிப்பு, முகவாதம், வலி குறைவாகவும் நீர் மிகுதியாகவும் வீங்கிய ஒற்றை முழங்கால் போன்ற அடையாளம் எதுவும் இல்லாமல், அசதியை மட்டும் வைத்து இந்த நோயைச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிலையான பலன் கிடைக்கவில்லை, கடுமையான வயிற்றுப்போக்கு போன்ற தீங்குகள்தான் வந்தன. உங்கள் அசதி உண்மையானது. தைராய்டு, இரத்தசோகை, பி12, சர்க்கரை, தூக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

மலையேறித் திரும்பிய ஓரிரு வாரங்களில் காய்ச்சல் வந்தால் அது வேறு விஷயம். நம் பக்கத்தில் அப்போது முதலில் நினைக்க வேண்டியவை ஒரு வகைச் சிறு பூச்சியின் கடியால் வரும் ஸ்கரப் டைஃபஸும், உண்ணியால் பரவும், 1957-ல் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலும்தான். உடலில் எங்கேனும், குறிப்பாக உள்ளாடை விளிம்புகளில், ஸ்கரப் டைஃபஸின் அடையாளமான, சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போகிறோம். பேரனை உண்ணி கடித்தால் என்ன செய்வது?
– வாசகர், ராஜாஜிநகர், பெங்களூரு

பதில்: எண்ணெய், மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, தேதியையும் கடித்த இடத்தையும் குறித்து வையுங்கள். ஒரு மாதம் வரை தினமும் குளிப்பாட்டும்போது உடல் முழுவதும் பாருங்கள். ஐரோப்பிய வகை நோயில் குழந்தைகளுக்குக் காது மடலின் கீழ் நுனியில் நீலம் கலந்த சிவப்புக் கட்டி வருவதுண்டு. அதையும், விரியும் எந்தத் தடிப்பையும் அங்குள்ள மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.