ஒன்றரை லட்ச ரூபாய் ஸ்பீக்கர்ல அப்படி என்ன கூடுதலா கேக்கும்?

கேள்வி: அப்பா 1990கள்ல வாங்கின ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வீட்ல இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. போன வாரம் ஷோரூம்ல ஒன்றரை லட்சத்துக்கு ஒரு ஜோடி கேட்டேன், அசந்துட்டேன். மாத்தலாமா, இல்ல காசு வேஸ்ட்டா?

பதில்:

விலை கூடக் கூட ஸ்பீக்கர் நல்லா ஆகறது ஒரு எல்லை வரைக்கும் நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா அந்த எல்லை ஷோரூம்காரங்க சொல்ற இடத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுது, அதத் தாண்டி நீங்க குடுக்குற பணம் முக்கால்வாசி அடி பேஸுக்கும் பெரிய ஹாலை நிரப்புற சத்தத்துக்கும் பெட்டியோட ஃபினிஷிங்குக்கும்தான் போகுது. ஒரு பாடகரோட குரல், வயலின், மிருதங்கத்துல வலந்தலை சொல், இதெல்லாம் உள்ளது உள்ளபடி கேக்க அவ்வளவு செலவு தேவையே இல்ல. நான் பழைய ஸ்பீக்கருங்கள வாங்கி சரி பண்ணி கேக்குறத ரொம்ப வருஷமா பண்றேன், புதுசும் நிறைய கேட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஷோரூம்ல அசந்து போறது யாருக்கும் நடக்கும். அங்க தரையில கார்பெட், சுவர்ல பேனல், நீங்க உக்காருற சோபா, எல்லாமே அந்த ஸ்பீக்கருக்குன்னு பாத்து பாத்து அமைச்சது. அதோட சத்தம் ஒரு துளி கூட இருந்தாலே போதும். 1 டெசிபல் வித்தியாசம் இருந்தா "சத்தம் கூடிருக்கு"ன்னு நமக்கு தோணாது, "தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு"ன்னுதான் தோணும், காதோட இயல்பே அப்படி. அதனால ரெண்டு ஸ்பீக்கர ஒப்பிடணும்னா முதல்ல ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வரணும், போன்ல இருக்குற சவுண்ட் மீட்டர் ஆப்பே இதுக்கு போதும், ஒரே இடத்துல போன வச்சு பிங்க் நாய்ஸ்னு ஒரே சீரான இரைச்சல் ஒண்ண ஓட விட்டு ரெண்டுக்கும் வால்யூம சரி பண்ணுங்க. அப்புறம் எது ஓடுதுன்னு உங்களுக்கு தெரியக் கூடாது, கூட வந்தவங்க மாத்தி மாத்தி போடணும்.

இந்த மறைச்சு வச்சு கேக்குறது நான் சொல்ற புது விஷயம் இல்ல. கனடாவோட தேசிய ஆராய்ச்சி கவுன்சில்ல ஃபிளாய்ட் டூல்னு ஒரு விஞ்ஞானி 1980கள்ல இததான் செஞ்சார். திரைக்கு பின்னாடி ஸ்பீக்கருங்கள வச்சு, என்ன கம்பெனி என்ன விலைன்னு சொல்லாம ஆளுங்கள கேக்க வச்சு மார்க் போட சொன்னார், இன்னொரு பக்கம் அதே ஸ்பீக்கருங்கள எதிரொலி இல்லாத அறையில அளந்து வச்சுகிட்டார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும்னு நாம சொல்லிட்டு இருக்கோம், ஆனா கண்ண மறைச்சதும் ஆளுங்க ஆச்சரியமா ஒத்துப் போனாங்க. எந்த ஸ்பீக்கர் எல்லா சுருதியையும் ஏத்த இறக்கம் இல்லாம சமமா குடுக்குதோ, நேரா மட்டும் இல்லாம பக்கவாட்டுல போற சத்தமும் எதுல சீரா இறங்குதோ, அதுக்குதான் நல்ல மார்க் விழுந்தது. அப்புறம் ஹார்மன்ங்கற ஸ்பீக்கர் கம்பெனிக்கு போயி, ஷான் ஆலிவ்ங்கறவரோட சேந்து 1994ல ஒரு கட்டுரை வெளியிட்டார், அது எனக்கு இன்னும் பிடிக்கும். அதே ஆளுங்க, அதே ஸ்பீக்கருங்க, ஒரு தடவ மறைச்சு வச்சு, ஒரு தடவ கண்ணுக்கு தெரியற மாதிரி. மறைச்சு வச்சப்ப பெருசுங்களோட போட்டி போட்ட சின்ன விலை குறைஞ்ச செட்டு ஒண்ணு, கண்ணுக்கு தெரிஞ்சதும் மார்க்ல சரிஞ்சிடுச்சு, பெருசா அழகா இருந்ததுக்கு மார்க் ஏறிடுச்சு. கேட்டவங்க அந்த கம்பெனியிலேயே வேலை பாக்குறவங்க. ஒன்றரை லட்சம்ங்கற விலைச்சீட்டு பக்கத்துல இருக்கும்போது நம்ம காதும் இப்படித்தான் வேலை செய்யும்.

அப்ப புது ஸ்பீக்கர்ல முன்னேற்றமே இல்லையான்னா, இருக்கு, நல்லாவே இருக்கு. முன்னெல்லாம் ஒரு பெட்டி செஞ்சு கேட்டுப் பாத்து மறுபடி செஞ்சு பாக்கணும், இப்ப கோன் எப்படி அதிரும், மேல் சுருதிய பாடற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர சுத்தி இருக்குற வாய் எந்த வளைவுல இருந்தா சத்தம் எப்படி பரவும்னு முதல்லயே கம்ப்யூட்டர்ல பாத்துடறாங்க. ஆனா கவனிச்சீங்கன்னா இந்த முன்னேற்றம் மேல் விலையிலேயே தங்குறதில்ல, சீக்கிரமே கீழ இறங்கிடுது. ஜேபிஎல் எம்2ன்னு ஸ்டூடியோவுக்கு செஞ்ச பிரம்மாண்டமான ஸ்பீக்கர் ஒண்ணு, அதுக்கு உருவாக்கின வேவ்கைடு, அதாவது அந்த ட்வீட்டர் வாயோட வடிவத்த 2013ல எல்எஸ்ஆர்305ங்கற 5 இன்ச் சின்ன பெட்டியில போட்டாங்க. அது ஒண்ணு அப்ப 150 டாலர் பக்கம்தான், ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) உள்ளயே இருந்தது. குரல் பாட்டு மட்டும் கேக்குறவங்களுக்கு அதுக்கு மேல என்ன வேணும்னு எனக்கு தோணும். நடுத்தர விலைக்கு கெஃப் எல்எஸ்50 மெட்டா நல்ல உதாரணம், 2020ல வந்தது, அப்ப ஜோடி 1500 டாலர். ட்வீட்டருக்கு பின்பக்கம் போற சத்தத்த உறிஞ்சறதுக்கு வளைஞ்சு வளைஞ்சு குழாய் மாதிரி பாதை இருக்குற ஒரு தட்டு வச்சிருக்காங்க, அது நிஜமான இன்ஜினியரிங், விளம்பர வார்த்தை இல்ல. நம்ம ஊருக்கு வரும்போது இறக்குமதி வரி, ஜிஎஸ்டி, டீலர் லாபம் எல்லாம் சேந்து விலை ஏறிடுது, அந்த பங்குக்கு ஒரு சத்தமும் கூடுதலா வராதுங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க.

பேஸ் விஷயம்தான் முக்கியமானது, காசு நிஜமா கரையற இடம் அதான். ஒரே கோன் 80 ஹெர்ட்ஸ்ல குடுக்குற சத்தத்த 40 ஹெர்ட்ஸ்லயும் குடுக்கணும்னா நாலு மடங்கு காத்த தள்ளணும். பெட்டி சின்னதா இருக்கணும், பேஸ் ஆழமா வரணும், கொஞ்ச வாட்ஸ்லயே சத்தமா பாடணும்னு மூணையும் கேட்டா கிடைக்காது, ரெண்டுதான் எடுத்துக்கலாம், இத ஹாஃப்மன் விதின்னு சொல்வாங்க, எத்தன லட்சம் குடுத்தாலும் இது மாறாது. அதனால பேஸ் பாடற பெரிய ஊஃபர், பெரிய காந்தம், அதிராத கனமான பெட்டி, அத தூக்கிட்டு வர்ற லாரி வாடகை வரைக்கும் எல்லாம் விலையில ஏறுது. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. சின்ன ஸ்பீக்கர்ல அந்த அடி சுருதி சரியா வராது, ஆனா அதோட மேல் ஸ்வரங்கள கேட்டு மூளை அத நிரப்பிக்குது, அதனால பாட்டு புரியாம போகாது, நெஞ்சுல அந்த கும்முனு ஒரு அழுத்தம் மட்டும் இருக்காது. அந்த அழுத்தம்தான் உங்களுக்கு வேணும்னா காசு செலவு பண்றதுல நியாயம் இருக்கு.

ஆனா அதுக்கு ரூம் ஒத்துழைக்கணுமே. நம்ம வீடுகள்ல 10க்கு 10 ரூம் சகஜம், சீலிங்கும் 10 அடி, கீழ டைல்ஸ், சுத்தியும் பூசின சுவர். சத்தம் ஒரு நொடிக்கு 343 மீட்டர் போகுது, 10 அடின்னா மூணு மீட்டர் சொச்சம், அந்த இடைவெளியில 56 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் சுவருக்கு சுவர் மோதி தங்கி நிக்கும். நீளம் அகலம் உயரம் மூணும் 10 அடின்னா மூணுமே அதே 56லதான் நிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் குடத்துக்குள்ள பேசற மாதிரி கும்மும். ஒன்றரை லட்சம் ஸ்பீக்கரும் கும்மும், பதினஞ்சாயிரம் ஸ்பீக்கரும் கும்மும், சொல்லப் போனா பேஸ் நல்லா வர்ற விலை கூடினதுதான் அதிகமா கும்மும். 200, 300 ஹெர்ட்ஸுக்கு கீழ நீங்க கேக்குறதுல பாதிக்கு மேல ரூம்தான். மூலையில ஸ்பீக்கர ஒட்டி வைக்காதீங்க, சுவர்ல தலைய சாச்சு உக்காராதீங்க, சரியா ரூம் நடுவுலயும் உக்காராதீங்க, அங்க அந்த 56 செத்துடும். ஜன்னலுக்கு தடிச்ச திரை, கீழ ஜமக்காளம், பக்கத்துல துணியோ புஸ்தகமோ அடுக்கின அலமாரி, இதெல்லாம் கைத்தட்டினா வர்ற கணீர் ஓசைய குறைக்கும், பேஸுக்கு மட்டும் இது பத்தாது, அதுக்கு இடம் மாத்தி பாக்குறதும் ஈக்வலைசர்ல அந்த ஒரு சுருதிய இறக்குறதும்தான் வழி. பைசா செலவு இல்லாத இந்த வேலைக்கு ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்குங்க, வித்தியாசம் அப்பட்டமா தெரியும்.

இப்ப அப்பாவோட ஸ்பீக்கருக்கு வரேன். முன்னாடி துணிய கழட்டிட்டு ஊஃபர சுத்தி இருக்குற வளையத்த விரல்ல லேசா தொட்டு பாருங்க. ரப்பர்னா பெரும்பாலும் இன்னும் நல்லா இருக்கும். ஃபோம்னா இத்தன வருஷத்துல உதிர ஆரம்பிச்சிருக்கும், நம்ம ஈரப்பதத்துல இன்னும் சீக்கிரமே. உதிர்ந்திருந்தா நீங்க இத்தன நாளா கேட்டது அந்த ஸ்பீக்கரோட நிஜ சத்தமே இல்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல விசாரிச்சா ரீகோன் பண்றவங்க, அதாவது கோனையும் வளையத்தையும் புதுசா மாத்தி தர்றவங்க கிடைப்பாங்க, வளையம் மட்டும் மாத்தினாலே போதும். பின்னாடி, சத்தத்த ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிச்சு குடுக்குற கிராஸ்ஓவர்ல இருக்குற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரும் காலப்போக்குல மதிப்பு மாறியிருக்கும், அதையும் அதே மதிப்புல மாத்திடுங்க, ட்வீட்டர் மறுபடி பளிச்சுனு வரும். பெட்டி மேல 2000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு ஏதாவது ஒட்டியிருந்தா அந்த நம்பர கண்டுக்காதீங்க, அதுக்கு அளவுகோலே கிடையாது. கொறஞ்ச விலை செட்டுகள்ல சில பெட்டியில நடுவுல ஒரு ஸ்பீக்கர் வெறும் அலங்காரத்துக்கு வச்சிருப்பாங்க, வயர் போகுதான்னு கழட்டி பாருங்க, போகலேன்னா ரிப்பேருக்கு செலவு பண்ண வேண்டாம், புதுசு வாங்கறதுதான் சரி.

புதுசு வாங்கறதா இருந்தா ஒண்ணு யோசிங்க. ரெண்டு வயர் மட்டும் போற சாதாரண பாசிவ் ஸ்பீக்கர் 1970ல செஞ்சதா இருந்தாலும் இன்னைக்கு ஆம்ப்ல போட்டா பாடும். உள்ள கம்ப்யூட்டர் இருக்குற வைஃபை ஸ்பீக்கருக்கு அந்த ஆயுள் கிடையாது. சோனோஸ் கம்பெனி 2020 ஜனவரியில தன்னோட பழைய மாடல் சிலதுக்கு மே மாசத்தோட அப்டேட் நிறுத்தறோம்னு அறிவிச்சு, வாங்கினவங்க கொதிச்சுப் போயி, அப்புறம் தலைமை அதிகாரியே மன்னிப்பு கேட்டார். கோன் காந்தம் எல்லாம் நல்லா இருந்தும் சாஃப்ட்வேர்ங்கற ஒரே காரணத்துக்காக ஒரு ஸ்பீக்கர் பழசாகறது எனக்கு மனசு கேக்காத விஷயம். அதனால காசு அதிகமா போறது பாசிவ் ஸ்பீக்கருக்கா இருக்கட்டும், ப்ளூடூத்தும் ஸ்ட்ரீமிங்கும் தனியா ஒரு சின்ன பெட்டியில இருக்கட்டும், அது பழசானா அத மட்டும் மாத்திக்கலாம். வயருக்கு ஆயிரக் கணக்குல கேப்பாங்க, குடுக்காதீங்க, அஞ்சு மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் தாராளம்.

உங்க இடத்துல நான் இருந்தா முதல்ல வளையமும் கண்டென்சரும் மாத்தி, இடம் மாத்தி வச்சு, ஒரு மாசம் கேப்பேன். அப்பவும் குரல் மூக்கால பேசற மாதிரியோ கரகரன்னோ இருந்துச்சுன்னா நாப்பது அம்பதாயிரத்துக்குள்ள, யாராவது அளந்து கிராஃப் வெளியிட்டிருக்கிற ஒரு சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி வாங்குவேன், ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ தளத்துல நிறைய மாடலுக்கு அளவு இருக்கு. பேஸ் பத்தலேன்னா மிச்ச காசுல தனியா ஒரு சப்ஊஃபர், அத பேஸ் எங்க நல்லா விழுதோ அந்த இடத்துல வச்சுக்கலாம், ஊஃபரும் ஒரே பெட்டியில இருக்குற உயரமான டவர் ஸ்பீக்கர்ல அந்த வசதி கிடையாது. 20க்கு 15 அடி ஹால், நிறைய பேர் உக்காந்து சினிமா பாக்குற வீடுன்னா மட்டும் அந்த ஒன்றரை லட்சத்த நான் தடுக்க மாட்டேன். அப்பவும் கடைக்காரர்கிட்ட ரெண்டு நாள் வீட்ல வச்சு கேட்டுட்டு சொல்றேன்னு கேளுங்க, அட்வான்ஸ் வாங்கிட்டு குடுக்குறவங்க இருக்காங்க, அப்பா ஸ்பீக்கர் பக்கத்துலயே வச்சு, சத்தத்த சமமாக்கி, கண்ண மூடி கேட்டுப் பாருங்க.